பணிவிடையும் சலிப்பும்

படுத்த படுக்கையாகிவிட்ட தாய்க்கோ தந்தைக்கோ, மாமியாருக்கோ மாமனாருக்கோ, ஆண்டுக்கணக்காகப் பணிவிடை செய்துவருகிறவர்களின் உள்ளத்தில், பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், நனைந்த விரிப்பை மாற்றிவிட்டு விளக்கை அணைக்கும் வேளையில், ஓர் எண்ணம் எழுகிறது. அதை அவர்கள் கணவனிடமும் சொல்வதில்லை, உடன்பிறந்தாரிடமும் சொல்வதில்லை, தெய்வ சந்நிதியிலேகூட முழு வாக்கியமாகச் சொல்லத் துணிவதில்லை. ‘இது எப்போது முடியும்?’ என்பதே அந்த எண்ணம். முடிவது என்றால் என்ன என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிற தெய்வத்துக்கும் தெரியும். ஆகையால் எண்ணம் எழுந்த அடுத்த கணமே பாவபயம் வந்து நெஞ்சைப் பற்றிக்கொள்கிறது. மறுநாள் காலையில் வழக்கத்தைவிடச் சற்று அதிக வாஞ்சையோடு கஞ்சி ஊட்டுவது அதற்குப் பிராயச்சித்தமாகிவிடுகிறது.

அந்த எண்ணம் உண்மையிலேயே பாவந்தானா என்பதை நம் சாஸ்திரங்களையும் கதைகளையும் துணைக்கொண்டு கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். கோயிலுக்குப் போய்வரும் முதியவர்கள், படுக்கையில் விழாமல், ஒருவருக்கும் பாரமாகாமல், அனாயாசமாக உயிர் பிரிந்துவிட வேண்டும் என்று பிரார்த்தித்துக்கொள்வது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ‘நடமாட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்’ என்று எண்பது வயதுப் பாட்டி சொன்னால், கேட்கிறவர்கள் அவளுடைய மனப்பக்குவத்தை மெச்சுகிறார்கள். அதே பாட்டி போய்ச் சேராமல் படுக்கையில் விழுந்து, பேச்சும் நினைவும் தடுமாறிக் கிடக்கையில், அவள் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைக்கிற மருமகளின் உள்ளத்தில் அதே பிரார்த்தனை தோன்றுமானால், அது மகாபாதகமாகிவிடுகிறது. இரண்டு பிரார்த்தனைகளும் ஒன்றேதான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஒருத்தி தன் விடுதலையைக் கேட்கிறாள்; மற்றவளின் வேண்டுதலில் நோயாளியின் விடுதலையோடு தன் விடுதலையும் கலந்திருக்கிறது. ஆனால் அந்தக் கலப்பு எவ்வளவு, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பாராமல், கலப்பு இருக்கிறது என்பதற்காகவே தண்டனை விதிப்பது நியாயமான நீதிபதியின் காரியமாகாது.

சலிப்பு அன்பின்மைக்கு அடையாளம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அன்பில்லாதவர்களுக்கோ இந்தச் சலிப்பு வருவதேயில்லை. மாதம் பிறந்ததும் பணம் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ‘அம்மா சாப்பிட்டாளா?’ என்று கேட்பதோடு அவர்கள் கடமை நிறைவேறிவிடுகிறது. (தூரத்தில் இருந்துகொண்டே தவிக்கிறவர்களும் உண்டு, அவர்கள் துன்பம் வேறு வகை.) பக்கத்தில் இருக்கிறவருடைய நாள் அப்படிப்பட்டதன்று. அசைவற்றுக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும் என்று மருத்துவர் சொல்கிறார். அந்த விதி இரவுக்கும் சேர்த்துத்தான். ஞாபகம் தப்பிய முதியவராக இருந்தால், அரை மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டதை மறந்து, வந்த விருந்தாளியிடம் ‘இந்த வீட்டில் எனக்குச் சோறே போடுவதில்லை’ என்று கண்ணீர் விடுவார். மாலை மயங்கும் நேரத்தில், தம் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, ‘என்னை வீட்டுக்கு அழைத்துப் போ’ என்று கதவைத் தட்டுவார். இத்தகைய நோயாளிகளைப் பேணும் குடும்பங்களுக்காக நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1981ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு ‘முப்பத்தாறு மணி நேர நாள்’ என்று பொருள்படும்படி பெயரிட்டார்கள். தலைப்பைப் பார்த்தே தம் வாழ்க்கையை அடையாளம் கண்டுகொண்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல், உழைப்பின் மிகுதியால் உள்ளம் வறண்டுபோகும் நிலையைத் தன் வகைப்பாட்டில் வரையறுத்தபோது, அது உத்தியோகத்தில் ஏற்படுவதை மட்டுமே குறிக்கும், வாழ்க்கையின் பிற துறைகளுக்குப் பொருத்தலாகாது என்றும் சேர்த்துச் சொல்லிற்று. வீட்டுக்குள் செய்யும் வேலைக்குச் சம்பளமும் இல்லை, சலித்துக்கொள்ளும் அதிகாரமும் இல்லை போலும்.

இனிக் கடன் என்ற கருத்துக்கு வருவோம். ஏனெனில் பணிவிடை செய்கிறவரின் பச்சாத்தாபம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. பெற்றார், வளர்த்தார், படிக்கவைத்தார். நான் பட்ட கடனைத் தீர்க்க வேண்டியவன். தீர்க்கும்போது முகம் சுளித்தேன். ஆகவே நான் பாவி என்பது அந்த வழக்கின் சுருக்கம். மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்ற கொள்கை வேதத்திலேயே இருக்கிறது. தைத்திரீய சம்ஹிதை அவற்றைத் தீர்க்கும் மார்க்கத்தையும் கூறுகிறது: ரிஷிகளுக்குப் பட்ட கடன் பிரம்மசரியத்தாலும், தேவர்களுக்குப் பட்டது யாகத்தாலும், பிதிர்களுக்குப் பட்டது சந்ததியாலும் தீரும். கடைசியாகச் சொன்னதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிண்டமும் நீர்க்கடனும் இடையறாது நடக்கும் பொருட்டே சந்ததி சொல்லப்பட்டது என்று வைதிகர்கள் விளக்குவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், முன்னோரிடம் பெற்றதைப் பின்னோரிடம் கொடுத்துத் தீர்க்கச் சொல்கிற ஒரு கணக்கு, கொடுத்தவரிடமே வட்டியும் முதலுமாகத் திருப்பிச் செலுத்தும் கணக்காக இருக்க முடியாது என்பது அதனால் தெளிவாகிறது.

புத்தர் இதைவிடக் கடுமையாகச் சொன்னார். தாயை ஒரு தோளிலும் தந்தையை மறு தோளிலும் சுமந்துகொண்டு ஒருவன் நூறாண்டு திரிந்தாலும், அங்கேயே அவர்கள் மலசலம் கழிக்க, அவன் எண்ணெய் தேய்த்து நீராட்டிப் பேணினாலும், பெற்றோருக்குக் கைம்மாறு செய்தவனாக மாட்டான் என்று அங்குத்தர நிகாயத்தில் ஓர் உபதேசம் இருக்கிறது. அவர்களை நல்லொழுக்கத்திலும் ஞானத்திலும் நிலைபெறச் செய்வதே கைம்மாறு என்று அது மேலே செல்கிறது. பிரசங்கிகள் இதைப் பிள்ளைகளை வெட்கப்படுத்துவதற்கே எடுத்தாளுவார்கள். எனக்கோ இதில் பெரிய ஆறுதல் தென்படுகிறது. நூறாண்டு சுமந்தாலும் தீராத ஒன்று, ஓர் இரவு அயர்ந்து தூங்கிவிட்டதனால் என்ன குறைந்துவிடும்? தீர்க்க முடியாத கடனைத் தீர்த்தே தீருவது என்று புறப்படுகிறவன்தான் திவாலாகிறான். பணிவிடையைக் கடன் தீர்ப்பாக எண்ணுகிற வரையில் ஒவ்வொரு நாளின் இறுதியிலும் பற்றே மிஞ்சும். எவ்வளவு செய்தாலும் ‘இன்னும் செய்திருக்கலாமே’ என்ற குரல் ஓயாது. சலிப்பில் பாதி உடம்பிலிருந்து வருவதென்றால் மற்றப் பாதி இந்தக் குரலிலிருந்துதான் வருகிறது.

கடன் இல்லையென்றால் வேறு என்ன? தவம் என்று சொல்லலாம்; சொல்லுகிறவர்களும் உண்டு. அப்படியானால் தவத்துக்குரிய இலக்கணத்தை வைத்தே அதை அளந்து பார்க்க வேண்டும். கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் தவத்தை மூவகையாகப் பிரிக்கும்போது, மூடப் பிடிவாதத்தினால் தன்னையே வதைத்துக்கொண்டு செய்வதைத் தாமசத்தில் சேர்க்கிறார். தானத்தைப் பிரிக்கும்போது, மனம் நொந்து கொடுப்பதை ராஜசத்தில் வைக்கிறார். ஆறாம் அத்தியாயத்திலோ, மிகுதியாக உண்கிறவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குகிறவனுக்கும் உறங்காமலே விழித்திருக்கிறவனுக்கும் யோகம் கைகூடாது என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. யோகத்துக்கே ஊணும் உறக்கமும் அங்கமாக விதிக்கப்பட்டிருக்க, கிழவியைத் தூக்கி உட்காரவைப்பதற்கு மட்டும் அவை வேண்டாம் என்று எந்தத் தர்மம் சொல்லும்?

மூடப் பிடிவாதம் என்ற சொல் கடுமையானதுதான். ஆனால் அந்தப் பிடிவாதம் எந்த வேஷத்தில் வருகிறது என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். ‘நான் ஊட்டினால்தான் அவர் சாப்பிடுவார், நான் குளிப்பாட்டினால்தான் அவருக்குப் பிடிக்கும், வேறொருவர் கை பட்டால் சரிப்படாது’ என்று தொடங்குவது முதலில் உண்மையாகவே இருக்கும், இரண்டொரு வருஷத்தில் அதுவே உரிமையாகிவிடும், தங்கை ஒரு வாரம் வந்து தங்கினால்கூட, அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கத் தோன்றும், பிறகு, ‘ஒருவரும் உதவிக்கு இல்லை’ என்ற மனத்தாங்கலும், உதவிக்கு வந்தவர்களைப் பொறுக்கமாட்டாத குணமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கத் தொடங்கும். இதில் அகங்காரம் இருக்கிறது. ஆனால் அது இன்பத்தைத் தேடுகிற அகங்காரமன்று. வாழ்க்கையில் வேறெல்லாம் கைநழுவிப்போன ஒருவர், இந்த ஒன்றாவது என்னுடையது என்று பற்றிக்கொள்ளுகிற அகங்காரம். ஆகையால் அதைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை. பகவான் கண்டிக்கிறார், அவர் கண்டிக்கலாம்.

நோயாளியைப் பற்றியும் நம் நாட்டில் ஓர் ஏட்டிலாவது உண்மை பேசப்பட்டிருக்கிறதா என்று தேடினால் பௌத்தர்களின் விநய நூலில் அது கிடைக்கிறது. வயிற்றுக்கடுப்பு நோயால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்ஷுவை, அவனால் தங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பதற்காகப் பிற பிக்ஷுக்கள் கைவிட்டிருந்ததைக் கண்ட புத்தர், ஆனந்தரை நீர் கொண்டுவரச் செய்து அவனைக் கழுவி, ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமுமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார் என்பது பலரும் அறிந்த வரலாறு. தமக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவன் நோயாளிக்குச் செய்யட்டும் என்று அவர் அப்போது சொன்னதையும் பலரும் அறிவார்கள். அதை ஒட்டி அவர் சொன்ன மற்றவற்றைத்தான் ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை. பணிவிடை செய்வதற்கு அரிய நோயாளி யார் என்று அவர் ஐந்து குணங்களைக் கூறினார்: உடம்புக்கு ஆகாததைச் செய்கிறவன், ஆவதிலும் அளவறியாதவன், மருந்து உண்ணாதவன், நோயின் நிலையை உள்ளபடி சொல்லாதவன், வேதனையைப் பொறுக்காதவன். நோயாளியிடமும் குறை இருக்கலாம், அவரைப் பேணுவது சில வேளைகளில் மெய்யாகவே கடினம் என்று கருணையே வடிவான ஒருவர் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்கும்போது, எத்தனையோ பேருக்கு மூச்சு எளிதாக வரும். நோயாளியைப் பேண வேண்டிய முறையையும் அவர் வரிசைப்படுத்தினார். ஆசிரியன் இருந்தால் ஆசிரியன், சீடன் இருந்தால் சீடன் என்று சென்று, ஒருவரும் இல்லையேல் சங்கம் முழுவதும் பொறுப்பு, தவறினால் சங்கத்துக்கே குற்றம் என்று அந்த விதி முடிகிறது.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பணி செய்பவன் என்ற நான்கையும் ஒரே வரிசையில் வைத்தார். சரகரும் அப்படியே நான்காகப் பகுத்து, பரிசாரகனுக்கு உபசாரம் அறிதல், திறமை, அன்பு, தூய்மை என்று நான்கு இலக்கணங்களும் வகுத்தார். கட்டிலுக்கு நான்கு கால்கள் இருப்பது போலத்தான் இது. மருத்துவன் கால் ஆடினால் உடனே வேறு மருத்துவரிடம் ஓடுகிறோம், மருந்தில் ஐயமென்றால் கடைக்காரரைக் கேட்கிறோம், நான்காவது கால் விரிசல் விட்டிருப்பதை மட்டும் கட்டில் சாயும் வரையில் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

படுக்கையை விட்டு ஒரு நாழிகை எழுந்து போனதற்காக வாழ்நாள் முழுவதும் வருந்தியவர்களுள் மிகப் பெரியவர் காந்தியடிகள். 1885ஆம் ஆண்டில், பதினாறு வயதுச் சிறுவனாக இருந்தபோது, நோயுற்றிருந்த தந்தைக்கு அவர் புண்ணுக்குக் கட்டுக்கட்டினார், மருந்து கலந்து கொடுத்தார், இரவுதோறும் கால் பிடித்துவிட்டார். ஓரிரவு சிற்றப்பா, ‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ’ என்றார். மகன் மனைவி படுத்திருந்த அறைக்குப் போன சில நிமிஷங்களுக்குள் வேலைக்காரன் வந்து கதவைத் தட்டினான், தந்தை போய்விட்டார். அந்தக் களங்கத்தைத் தம்மால் என்றைக்கும் துடைக்க முடியவில்லை என்று ‘சத்திய சோதனை’யில் அவரே எழுதினார். மகாத்மாவின் மனச்சாட்சியோடு வாதாடும் தகுதி எனக்கு இல்லை. காமத்தின் பொருட்டுப் போனேன் என்பதே அவர் தம்மேல் சாட்டிய குற்றம். அதை அவருக்கே விட்டுவிடலாம். ஆனால் அந்த அறையில் நடந்ததை வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வேறொன்றும் தெரிகிறது: ஒரு சிறுவன் நெடுநாள் உழைத்தான், பெரியவர் ஒருவர் அவனிடமிருந்து முறையைப் பெற்றுக்கொண்டார், நோயாளி தனித்து விடப்படவில்லை, மரணம் வந்தபோது உடன்பிறந்தார் பக்கத்தில் இருந்தார். சிற்றப்பா செய்தது மிக நல்ல காரியம். அவரை ஒருவரும் நினைப்பதில்லை.

பெற்றோரைப் பேணியவர்கள் என்று நம் இதிகாசங்கள் காட்டுகிறவர்கள் இருவர். ஒருவன் வால்மீகி சொல்லும் முனிகுமாரன். பிற்காலத்தார் அவனுக்குச் சிரவணன் என்று பெயரிட்டு, தோளில் காவடியும் கொடுத்தார்கள். கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் மொள்ள இரவில் சரயு நதிக்கு வந்தவனைத் தசரதனுடைய அம்பு வீழ்த்தியது. விழுந்தவன் தன் உயிருக்காக அழவில்லை. ஒரே அம்பினால் பெற்றோரையும் சேர்த்தல்லவா கொன்றுவிட்டாய் என்று அழுதான். அவன் சொன்னபடியே அவர்களும் மாண்டார்கள். இந்தக் கதையைப் பிதிர்பக்திக்கு உதாரணமாக நாம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். இரண்டு முதியவர்களின் உயிரை ஒரே ஒருவனுடைய தோளில் தொங்கவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதும் அதே கதையில் இருக்கிறது.

மற்றொருவன் மகாபாரதத்து வனபர்வத்தில் வரும் தர்மவியாதன். பெற்றோரை விட்டுத் தவம் செய்யப் போன கௌசிகர் என்ற அந்தணர், ஓர் இல்லத்தரசியின் சொற்படி அவனைத் தேடி மிதிலைக்கு வந்தார். வந்தபோது அந்த மகாபிதிர்பக்தன் பெற்றோரின் காலடியில் இல்லை. இறைச்சிக் கடையில், வாங்குகிறவர்கள் சூழ, வியாபாரம் செய்துகொண்டிருந்தான். பிறகு அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று, வெள்ளாடை உடுத்து, உண்டு, நல்ல ஆசனத்தில் வீற்றிருந்த தாய் தந்தையரைக் காட்டி, மனைவி மக்களோடு சேர்ந்து தான் அவர்களைப் பேணிவருவதாகச் சொன்னான். அவனுக்குத் தொழில் இருந்தது, குடும்பம் இருந்தது, வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள், தர்மத்தைப் பற்றி நீண்ட நேரம் பேசவும் பொழுது இருந்தது. அவன் பெற்றோர் நலமாக இருந்தார்கள். அவனும் நலமாக இருந்தான். இந்தக் காரணத்தினாலேயே போலும், காவடி சுமந்தவன் படங்களிலும் நாடகங்களிலும் இடம்பெற, கடைக்காரன் ஏட்டிலேயே நின்றுவிட்டான். நமக்குத் தியாகம் கண்ணீரோடு வந்தால்தான் தியாகமாகத் தோன்றுகிறது.

தனித்துச் சுமக்கிறவர் நடைமுறையில் யார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அன்னையின் ஈமக்கடனுக்குத் துறவை மீறி வந்த சங்கரரையும் பட்டினத்தாரையும் நாம் போற்றுகிறோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த அன்னையருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த கைகளை நினைப்பதில்லை. கொள்ளி வைப்பது மகன். கொள்ளி வைக்கும் நாள் வரையில் வாயில் நீர் வார்ப்பது பெரும்பாலும் மகளோ மருமகளோ மனைவியோதான். பெற்றோரும் மூத்த குடிமக்களும் ஜீவனாம்சம் பெற 2007ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி என்று பொறுப்பாளிகளைச் சொல்லிற்று; மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் ஜீவனாம்சம் விதிக்கலாம் என்றது; முதியவரைக் கைவிட்டவருக்கு மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ என்றது. கைவிட்டவர்களுக்கு அது வேண்டியதே. கைவிடாமல் இருந்து களைத்துப்போனவர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

தென்மாவட்டங்களின் சில கிராமங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரால் முதியவர்களின் முடிவைத் துரிதப்படுத்தும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. எத்தனை வறுமையும் எத்தனை அயர்ச்சியும் அதை நியாயமாக்க மாட்டா. இங்கே அதைக் குறிப்பிடுவதற்குக் காரணம், எண்ணம் எழுவதற்கும் சங்கற்பம் செய்வதற்கும் இடையே உள்ள தூரத்தைக் காட்டுவதுதான். எழுகிற எண்ணத்துக்கு மனிதன் எஜமானன் அல்லன். அது பசியைப் போல, உறக்கத்தைப் போல, உடம்பின் முறையீடாகவும் இருக்கலாம். சங்கற்பத்துக்கு அவனே எஜமானன். ‘எப்போது முடியும்?’ என்று இரவில் எண்ணிய மருமகள் விடியற்காலையில் எழுந்து வெந்நீர் போடுகிறாளே, அந்த வெந்நீர்தான் அவளுடைய சங்கற்பம். அந்த எண்ணத்தைப் பாவக் கணக்கில் எழுதுவதற்கு முன், அவள் கடைசியாக எப்போது ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள் என்று தெய்வம் கேட்கும் என்றே நான் நம்புகிறேன். கேட்காத தெய்வத்தோடு நமக்கு வழக்கும் இல்லை.

அவளுடைய எண்ணத்தைத் திருத்துவதைவிட, அவள் தனிமையை நீக்குவது எளிது. 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்பு மருத்துவத்துக்காகத் தொடங்கிய ஒரு சங்கத்திலிருந்து வளர்ந்து, பிறகு மலப்புறத்திலும் பிற மாவட்டங்களிலும் பரவிய அண்டையயலார் குழுக்கள், படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிச் செல்வதைத் தம் கடமையாக ஏற்றுக்கொண்டன. கேரள அரசு 2008இல் அதை ஒரு கொள்கையாகவே அறிவித்தது. அக்குழுக்களில் வருகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள் அல்லர். அதே தெருக்காரர்கள், சிறிது பயிற்சி பெற்றவர்கள்.

நம் ஊர்களில் அப்படிப்பட்ட மனிதர்கள் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்தால், ஒரு மணி நேரத்துக்குள் தெருவில் பந்தல் எழுகிறது, நாற்காலிகள் வருகின்றன. அந்த வீட்டில் அடுப்பு மூட்டலாகாது என்று உறவினரும் அண்டை வீட்டாரும் சோறும் ரசமும் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். இரவெல்லாம் துணைக்கு இருக்கிறார்கள். ஐந்து ஆண்டு அந்த வீட்டு வாசலில் நின்று, ‘எப்படி இருக்கிறார்கள்?’ என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டியவர்களும் அவர்களே. அந்த வழக்கத்தை மரணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே தொடங்கிவைப்பதற்குச் சாஸ்திரத் தடை ஒன்றும் எனக்குத் தெரிந்து இல்லை. அன்னதானம் நடத்தும் சபைகளும், பஜனை மடங்களும், மாதா கோயிலின் பெண்கள் சங்கமும், பள்ளிவாசல் ஜமாத்தும் தத்தம் தெருவில் படுக்கையில் இருப்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எழுதி, வாரத்தில் ஒரு மாலை இருவரை அனுப்பலாம். இருவர் வேண்டும், ஏனெனில் புத்தருக்கும் ஆனந்தர் வேண்டியிருந்தது. அவர்கள் உபதேசம் செய்யாமல், வைத்தியம் சொல்லாமல், பாட்டியின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். மருமகள் அந்த நேரத்தில் கோயிலுக்குப் போகட்டும். அல்லது கோயிலுக்கும் போகாமல் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.